விமானக் கருவியின் கனெக்டர் பழுதானால்?

மூன்றாம் ஆண்டு மாணவன், இன்ஸ்ட்ருமெண்டேஷன் டிப்ளமா
ஊர்: திருவண்ணாமலை, ஸ்ரீவில்லிபுத்தூர்

முன்னுரை

ஆகாய விமானம் என்றதும் இறக்கை, எஞ்சின், பைலட் இவைதான் நம் நினைவுக்கு வரும். பைலட்டின் முன்னால் பலகையில் வரிசையாக இருக்கும் கருவிகளை நினைப்பவர்கள் குறைவு. அந்தக் கருவிகளின் முதுகுப் பக்கம் செருகியிருக்கும் கனெக்டரை நினைப்பவர்கள் அதைவிடக் குறைவு. ஆனால் கருவிக்கு உயிர் வருவதே அந்த வழியாகத்தான். எண்ணெய் எவ்வளவு சூடு, எரிபொருள் எவ்வளவு மிச்சம், விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற செய்தியெல்லாம் கட்டைவிரல் தடிமனுள்ள ஒரு கனெக்டரின் பின்கள் வழியாகத்தான் உள்ளே போகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் ஊர் திருவண்ணாமலை என்றால் பலரும் கார்த்திகை தீபம் ஏற்றும் ஊர் என்று நினைத்துக் கொள்கிறார்கள். அது வேறு. இது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில், மலைமேல் சீனிவாசப் பெருமாள் இருக்கும் திருவண்ணாமலை. எங்க பக்கத்துல விமானம்னா தலைக்கு மேல போறதுதான். "ராஜபாளையத்துல படிச்சுக்கிட்டு ஏரோப்ளேன் கனெக்டரைப் பத்தி எதுக்குடா எழுதுற?" என்று நண்பர்கள் கேட்டார்கள். அதற்கு இரண்டு பதில் உண்டு.

ஒன்று, இந்த வருடம் நம் லேபுக்கு ஒரு அண்ணாச்சி வந்தார். விமானப்படையில் கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழித்துக் கட்டிய ஒரு பழைய எண்ணெய் வெப்பமானியையும் அதன் கேபிளையும் கொண்டு வந்து, இரண்டு நாள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு, அவர் சொன்னது விமானத்துக்கு மட்டும் உள்ள பாடமில்லை. மில் பேனலுக்கும், பஸ்ஸுக்கும், ஆஸ்பத்திரி மானிட்டருக்கும் அதுவே பாடம். அங்கே வராதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. கனெக்டரின் உறுப்புகள்

விமானத்தில் பெரும்பாலும் வட்ட வடிவக் கனெக்டர்தான். கருவியின் பெட்டியில் பொருத்தியிருப்பது ரிசெப்டக்கிள். கேபிளின் நுனியில் வருவது பிளக். இரண்டிலும் கீழ்க்கண்ட பாகங்கள் இருக்கும்.

அ) ஷெல்: வெளிக்கூடு. பெரும்பாலும் அலுமினியம். துருப்பிடிக்காமல் இருக்க மேலே காட்மியம் அல்லது நிக்கல் முலாம்.

ஆ) இன்சர்ட்: மின்சாரம் கடத்தாத உள் வட்டு. பின்கள் ஒன்றையொன்று தொடாமல் பிடித்துக் கொள்ளும்.

இ) கான்டாக்ட்: ஒரு பக்கம் ஆண் பின், மறு பக்கம் பெண் சாக்கெட். செம்புக் கலவையில் செய்து மேலே தங்க முலாம் பூசியிருப்பார்கள். தங்கம் ஆடம்பரத்துக்கு அல்ல. தங்கம் காற்றில் ஆக்சைடு ஆகாது. அதனால் தொடும் இடம் எப்போதும் சுத்தமாக இருக்கும்.

ஈ) கிராமெட்: பின்பக்க ரப்பர். ஒவ்வொரு ஒயரையும் இறுகப் பிடித்து, ஈரம் உள்ளே போகாமல் தடுக்கும்.

உ) பேக்‌ஷெல், கிளாம்ப்: ஒயர்க்கட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம். கேபிளை யாராவது இழுத்தாலும் அந்த இழுவை கான்டாக்டுக்குப் போகக் கூடாது. இதோடு நிற்க வேண்டும்.

ஊ) சாவி மேடும் சாவிப் பள்ளமும்: தப்பான கோணத்தில் செருகாமல் காப்பது.

கான்டாக்டின் அளவு எண்ணில் ஒரு வேடிக்கை உண்டு. எண் கூடக் கூட பின் மெலியும். 16 என்றால் பின் சுமார் 1.6 மில்லிமீட்டர். 20 என்றால் சுமார் 1 மில்லிமீட்டர். நம் ஒயர் கேஜ் எண் மாதிரியேதான். பின்களுக்கு எழுத்துப் பெயர் வைக்கும்போது 'ஐ', 'ஓ' போன்ற ஆங்கில எழுத்துகளை விட்டுவிடுவார்கள். ஒன்று, பூஜ்யம் என்று யாரும் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்பதற்காக. இவ்வளவு முன்யோசனை அதில் இருக்கிறது.

2. சின்னப் பழுது, பெரிய இழப்பு

கருவி தப்பாகக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே துயரமான உதாரணம் இருக்கிறது. 1978 ஜனவரி 1 அன்று இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' என்ற போயிங் 747, சில நிமிடங்களிலேயே அரபிக் கடலில் விழுந்தது. அதிலிருந்த 213 பேரும் இறந்தார்கள். விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கேப்டனின் கருவி கெட்டுப் போயிருந்தது. விமானம் வலப்பக்கம் சாய்ந்தே இருப்பதாக அது காட்ட, அதை நம்பி இடப்பக்கம் திருப்பியதில் விமானம் கவிழ்ந்தது. மற்ற கருவிகளைப் பார்த்துச் சுதாரிக்க நேரம் போதவில்லை. இது கனெக்டரால் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வெளியே கும்மிருட்டு, கீழே கடல் என்னும்போது, பைலட்டுக்குக் கண் என்பதே அந்தக் கருவிதான் என்று சொல்ல வருகிறேன்.

இரண்டாவது, 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 800. நடு டாங்கியில் எரிபொருள் ஆவி வெடித்து 230 பேர் இறந்தார்கள். தீப்பொறி எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றாலும், டாங்கிக்கு வெளியே நடந்த ஷார்ட் சர்க்யூட்டின் மின்னழுத்தம், எரிபொருள் அளவு காட்டும் கருவியின் ஒயர் வழியாக உள்ளே போயிருப்பதற்கே அதிக வாய்ப்பு என்று விசாரணை முடிவு சொன்னது. அளவு காட்டும் ஒயர்தானே என்று அலட்சியமாக நினைக்கிற ஒயர்! இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு, 2007-இல் அமெரிக்க விதிகளில் ஒயர், கனெக்டர், கிளாம்ப் எல்லாவற்றையும் சேர்த்துத் தனி அமைப்பாகவே கணக்கில் எடுத்தார்கள்.

மூன்றாவதுதான் நம் பாடத்துக்கு மிக அருகில் வருவது. 2014 டிசம்பர் 28 அன்று சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் போன இந்தோனேசியா ஏர் ஏசியா 8501 ஜாவா கடலில் விழுந்தது. 162 பேர் இறந்தார்கள். விசாரணையில் என்ன தெரிந்தது? சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் சாதனத்தின் எலக்ட்ரானிக் பலகையில் ஒரு சோல்டர் இணைப்பு விரிசல் விட்டிருந்தது. அதனால் மின்தொடர்பு விட்டு விட்டு வந்தது. எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. அதை நிறுத்த சர்க்யூட் பிரேக்கரை இழுத்திருக்க வேண்டும். அதில் தானியங்கி பைலட் விலகிக்கொள்ள, அதன் பிறகு விமானத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போனது என்று அறிக்கை சொல்கிறது.

இந்த அறிக்கையில் என்னைத் தூங்கவிடாமல் செய்த எண் ஒன்று உண்டு. விபத்துக்கு முந்தைய 12 மாதங்களில் அதே பழுது 23 முறை பதிவாகியிருக்கிறது! ஒவ்வொரு முறையும் ஏதோ செய்தார்கள், கருவி சரியானது, விமானம் பறந்தது. விரிசல் மட்டும் அப்படியே இருந்தது. "விட்டு விட்டு வர்ற பழுதுதாம்ப்பா மோசமான பழுது. செத்த கருவியை எவனும் நம்ப மாட்டான். பாதி உயிரோட இருக்கறதைத்தான் நம்புவான்" என்றார் அண்ணாச்சி.

3. நம்ம ஊர் முறுக்கும் விமான இணைப்பும்

புரட்டாசி சனிக்கிழமை எங்க மலையடிவாரத்தில் கூட்டம் நெரியும். மைக்செட், சீரியல் செட் போடுகிற அண்ணன்மார்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஒயரைப் பல்லால் சீவி, முறுக்கி, டேப் சுத்தி, மலைப்பாதை முழுக்க விளக்கெரிய வைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இருப்பதை வைத்து வேலையை முடிக்கும் திறமை அது. ஒரு ராத்திரிக்கு அது போதும்.

விமானத்தில் அது ஏன் போதாது? மூன்று காரணங்கள்.

முதலாவது, அதிர்வு. எஞ்சின் ஓடும்வரை ஒயர் ஆடிக்கொண்டே இருக்கும். முறுக்கின இடம் மெல்ல மெல்லத் தளரும். தொடும் பரப்புகள் கண்ணுக்குத் தெரியாத அளவு உரசி உரசித் தேயும்.

இரண்டாவது, சூடும் குளிரும். சித்திரை வெயிலில் நம்ம பக்கம் தரையில் 40 டிகிரி. 11 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி. ஒரே பயணத்தில் கிட்டத்தட்ட 95 டிகிரி வித்தியாசம். செம்பும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒரே அளவு சுருங்காது.

மூன்றாவது, ஈரம். குளிர்ந்த விமானம் கீழே இறங்கும்போது, வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டு உலோகத்தில் வியர்க்கும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளியே நீர் கோர்ப்பது மாதிரி. அந்தத் துளி ஒயர் வழியாக வழிந்து கனெக்டருக்குள் இறங்கும்.

என் அப்பா ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃபிரேம் பகுதியில் வேலை பார்க்கிறார். பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு நிறுத்தியவர். இந்தப் பாடத்தை அவரிடம் சொன்னபோது சட்டென்று பிடித்துக் கொண்டார். "நூல் அறுந்தா பீசிங் போடுறோம்ல, அது மாதிரிதான? பீசிங் மோசமா இருந்தாலும் ஃபிரேம்ல ஓடிரும். கோன் வைண்டிங்குல போயித்தான் அறும். அங்க இருக்கிறவனுக்கு யாரு போட்டதுன்னு தெரியாது" என்றார். எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக நான் படிக்கவில்லை.

4. ஒரு சிறு கணக்கு

கனெக்டரில் கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் தளர்வு. அதனால் பெரிதாக என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். ஓம் விதியைப் போட்டுப் பார்ப்போம்.

நல்ல கான்டாக்டின் மின்தடை 5 மில்லிஓம் என்று வைத்துக் கொள்வோம். 5 ஆம்பியர் ஓடினால் இழக்கும் மின்னழுத்தம் 0.025 வோல்ட். உண்டாகும் வெப்பம் 5 × 5 × 0.005 = 0.125 வாட். ஒன்றுமே இல்லை.

அதே கான்டாக்ட் தளர்ந்து மின்தடை 1 ஓம் ஆகிவிட்டால்? இழப்பு 5 வோல்ட். விமானத்தின் நேர்மின்சாரமே 28 வோல்ட்தான். வெப்பம் 5 × 5 × 1 = 25 வாட். நம் லேபில் உள்ள சின்ன சோல்டரிங் அயன் 25 வாட்! அதை கனெக்டருக்குள் சொருகி வைத்த மாதிரி. பிளாஸ்டிக் கருகாமல் என்ன செய்யும்?

மின்னோட்டம் குறைவான அளவுக் கருவியில் சூடு வராது. ஆனால் பொய் வரும். நாம் லேபில் பார்க்கிற பிளாட்டினம் மின்தடை வெப்பமானியை எடுத்துக் கொள்வோம். பூஜ்யம் டிகிரியில் 100 ஓம். ஒரு டிகிரிக்கு சுமார் 0.385 ஓம் கூடும். இரண்டு ஒயர் இணைப்பில், துருப்பிடித்த பின்னால் 2 ஓம் சேர்ந்தால், 2 ÷ 0.385, அதாவது 5 டிகிரிக்கு மேல் கூடுதலாகக் காட்டும். இது அதிர்வில் கூடிக் குறைந்தால் முள் ஆடும். பைலட் எஞ்சினைச் சந்தேகிப்பார். மெக்கானிக் கருவியைக் கழற்றி மாற்றுவார். புதுக் கருவியும் அதையே காட்டும். குற்றவாளி கனெக்டர், தண்டனை கருவிக்கு.

5. பழுதின் வகைகள்

நல்ல வெளிச்சத்தில், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கீழ்க்கண்டவை தெரியும்.

• வளைந்த பின்: கோணம் பார்க்காமல் பிளக்கை அழுத்தியதால் வருவது.
• பின்னால் போன கான்டாக்ட்: மற்றவற்றைவிட உள்ளே அமுங்கியிருக்கும். பிடித்து வைக்கும் கிளிப் உடைந்திருக்கலாம், அல்லது முதலிலேயே முழுதாக உட்காராமல் இருந்திருக்கலாம்.
• விரிந்த சாக்கெட்: பார்த்தால் நன்றாகவே இருக்கும், ஆனால் பின்னைப் பிடிக்காது. மல்டிமீட்டரின் தடித்த புரோபை உள்ளே குத்துவதே இதற்குப் பெரிய காரணம்.
• பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு: ஈரம் போன அடையாளம்.
• கருகல், நிறமாற்றம்: தளர்ந்த இணைப்பின் சூடு.
• விரிசல் விட்ட இன்சர்ட், கிழிந்த கிராமெட், தேய்ந்த மரை.
• கிரிம்ப் வாயருகே அறுந்த இழைகள்: இது அநேகமாக கிளாம்ப் சரியாகப் போடாததால் வருவது.

எங்கள் லேபுக்கு வந்த வெப்பமானியில் இரண்டு பழுது இருந்தது. ரிசெப்டக்கிளில் ஒரு பின் லேசாக வளைந்திருந்தது. பிளக்கில் ஒரு சாக்கெட் பின்னால் போயிருந்தது. வளைந்த பின் முட்டி முட்டித்தான் சாக்கெட் உள்ளே போயிருக்கிறது. ஒரு பழுது இன்னொன்றைப் பெற்றெடுக்கும் என்பதால், எப்போதும் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

6. பழுது நீக்கும் முறை

படி 1: புத்தகம். கையில் கருவி எடுக்கும் முன் அந்தக் கருவியின் பராமரிப்புக் கையேட்டையும் ஒயரிங் படத்தையும் எடுக்க வேண்டும். விமானக் கையேடுகளில் பொதுவான வேலைமுறைகள் எல்லாம் 20-ஆம் அத்தியாயத்தில் இருக்கும். எந்த ஒயருக்கு எந்தக் கான்டாக்ட், எந்த டூல் என்பதெல்லாம் அட்டவணையாகவே இருக்கும். மனப்பாடத்தை நம்பி வேலை செய்யக் கூடாது.

படி 2: மின்சாரத்தை நிறுத்துதல். சர்க்யூட் பிரேக்கரை இழுத்து, அதில் எச்சரிக்கை அட்டை மாட்ட வேண்டும். எலக்ட்ரானிக் கருவி என்றால் கையில் எர்த் பட்டை கட்டாயம்.

படி 3: கழற்றுதல். கப்ளிங் நட்டைக் கையால் திருக வேண்டும். இறுகியிருந்தால் மெத்தென்ற வாயுள்ள குறடு. கேபிளைப் பிடித்து இழுக்கவே கூடாது. கழற்றியவுடன் இரண்டு பக்கமும் மூடி போட வேண்டும். மூடி இல்லாத கனெக்டருக்குள் ஒரு சின்ன உலோகச் சீவல் விழுந்தால் போதும்.

படி 4: படம் வரைதல். எந்த எழுத்தில் எந்த எண் ஒயர் என்று எழுதி வைத்த பிறகே ஒரு கான்டாக்டையாவது எடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் எடுப்பது நல்லது.

படி 5: கான்டாக்டை எடுத்தல். பேக்‌ஷெல்லைக் கழற்றிப் பின்னால் தள்ள வேண்டும். பின்பக்கம் எடுக்கும் வகைக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் டூல் இருக்கிறது. ஒரு முனை நிறம், ஒரு முனை வெள்ளை. நிறமுள்ள முனை செருக, வெள்ளை முனை எடுக்க. வெள்ளை முனையை ஒயர்மேல் பொருத்தி, நேராக உள்ளே தள்ளினால் கிளிப் விரியும். பிறகு டூலையும் ஒயரையும் சேர்த்து வெளியே இழுக்க வேண்டும். கோணலாகத் தள்ளினால் கிராமெட் கிழியும். அதோடு அந்தக் கனெக்டரே போச்சு.

படி 6: ஒயரைச் சீவுதல். சரியான ஸ்ட்ரிப்பரால், கையேடு சொன்ன நீளத்துக்கு. பிளேடால் சீவினால் இழைமேல் கீறல் விழும். அதிர்வில் அந்தக் கீறலில்தான் அறும். வெட்டியதால் ஒயர் நீளம் போதவில்லை என்றால் இழுத்துப் பிடித்துப் பொருத்தக் கூடாது. அனுமதித்த ஸ்ப்ளைஸ் போட்டு நீட்ட வேண்டும்.

படி 7: கிரிம்ப். கான்டாக்டின் குழலில் ஒயரைச் செருகினால், பக்கத்திலுள்ள சின்னத் துளையில் இழைகள் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் ஒயர் அடிவரை போயிருக்கிறது என்று அர்த்தம். கிரிம்ப் டூலில் ராட்செட் இருக்கும். முழுதாக அழுத்தாமல் விடவே விடாது. "நாம் அவசரப்பட்டாலும் டூல் அவசரப்படாது" என்று சிரித்தார் அண்ணாச்சி. டூலுக்குக் காலிபரேஷன் தேதி முடிந்திருந்தால் அதைத் தொடவே கூடாது.

படி 8: செருகுதல். நிறமுள்ள முனையால் தள்ள, 'க்ளிக்' என்று உட்காரும். டூலை எடுத்துவிட்டு ஒயரை லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். முன்பக்கம் பார்த்தால் எல்லாக் கான்டாக்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். காலித் துளைகளைக் கையேடு சொன்னபடி அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்துக்கு அதுவே வாசல்.

படி 9: மூடுதல். கிளாம்பை இறுக்கி, கேபிளைக் கனெக்டருக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு வளைத்துக் கட்ட வேண்டும். வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது. நம் வீட்டுக்கு ஈ.பி. சர்வீஸ் ஒயர் வரும் இடத்தில் வளைத்து விட்டிருப்பதும் இதற்காகத்தான். தேவையான இடத்தில் லாக் ஒயர் போட வேண்டும்.

சோல்டர் செய்யும் வகை என்றால்: பழைய கருவிகளில் பின்னின் பின்பக்கம் சிறு கிண்ணம் மாதிரி இருக்கும். ரோசின் ஃபிளக்ஸ் உள்ள ஈயம்தான் போட வேண்டும். ஆசிட் கூடவே கூடாது. 63/37 ஈயம் 183 டிகிரியில் உருகும். கிண்ணம் நிறையலாம், வழியக் கூடாது. ஈயம் ஒயரின் உறைக்குள் ஏறிவிட்டால் அந்த இடம் குச்சி மாதிரி விறைத்து, அது முடியும் இடத்தில் அதிர்வில் ஒடியும். பிறகு ஒவ்வொரு கிண்ணத்துக்கும் சுருங்கும் சிலீவ்.

7. கை வைக்கக் கூடாத இடங்கள்

எதைச் செய்ய வேண்டும் என்பதைவிட எதைச் செய்யக் கூடாது என்பதே இதில் பெரிய பாடம்.

முதலில், உப்புத்தாள். அழுக்குப் பிடித்த பாயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது நமக்குப் பழக்கம். கான்டாக்டில் உள்ள தங்கம் ஒரு மைக்ரானுக்குச் சற்றே மேல்தான். தலைமுடியின் தடிமனில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு தேய்ப்பில் போய்விடும். பிறகு துரு வேகமாக வரும். சுத்தம் செய்ய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் போதும். காட்மியம் முலாம் பூசிய ஷெல்லைத் தேய்ப்பது இன்னும் மோசம். அந்தத் தூசி விஷம்.

இரண்டாவது, குறடால் பின்னை நிமிர்த்துவது. லேசான வளைவு என்றால், கையேடு அனுமதித்த எல்லைக்குள், பின்னுக்குச் சரியாகப் பொருந்தும் குழல் மாதிரியான டூலால் மெதுவாக ஒரே ஒரு முறை நிமிர்த்தலாம். முலாமில் விரிசலோ, அடியில் மடிப்போ தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது, காற்றுப் புகாமல் மூடிய கருவிகள். சில கருவிகளின் பெட்டிக்குள் உலர்ந்த வாயு நிரப்பியிருக்கும். அதன் பின்கள் கண்ணாடி மணியில் பதிந்திருக்கும். பின்னை நிமிர்த்தும்போது அந்தக் கண்ணாடியில் முடியளவு விரிசல் விட்டால் போதும், ஈரம் உள்ளே போய்விடும். இதைச் சாதாரண மேசையில் செய்யக் கூடாது. அதற்குரிய அனுமதி பெற்ற பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

நான்காவது, தெர்மோகப்பிள் கனெக்டர். குரோமல், அலுமல் ஒயருக்கு அதே உலோகத்தில் செய்த கான்டாக்ட் வேண்டும். இந்த ஜோடி ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட்தான். சாதாரணச் செம்புக் கான்டாக்ட் போட்டால், அங்கே சூடு வித்தியாசம் இருக்கும்போது அதுவே இன்னொரு தெர்மோகப்பிளாகி அளவைக் கெடுக்கும். பழைய வகைக் கருவிகளில் ஒயரின் மொத்த மின்தடையும் கணக்கோடு வைத்திருப்பதால், நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

ஐந்தாவது, சிங்க்ரோ கருவிகள். இதன் மூன்று ஸ்டேட்டர் ஒயர்களில் இரண்டை மாற்றிப் போட்டால் முள் எதிர்ப்பக்கம் சுற்றும். கருவி உயிரோடு இருக்கும், முள் அழகாக அசையும், காட்டுவது தலைகீழ்! படி 4-இல் படம் வரையச் சொன்னது இதற்காகத்தான்.

8. சோதனை

முதலில் தொடர்ச்சிச் சோதனை: ஒவ்வொரு பின்னும் போக வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்று. கேபிளை மெதுவாக ஆட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். புரோபை நேராகச் சாக்கெட்டில் குத்தாமல், அதற்குப் பொருந்தும் ஒரு பின்னைச் செருகி அதில் தொட வேண்டும்.

அடுத்தது இன்சுலேஷன் சோதனை: பின்னுக்கும் பின்னுக்கும், பின்னுக்கும் ஷெல்லுக்கும் நடுவே மெக்கர் வைத்து. இங்கே ஒரு எச்சரிக்கை. மெக்கரின் 500 வோல்ட் எலக்ட்ரானிக் கருவிக்குள் போனால் கருவி காலி. இரண்டு முனையிலும் கருவிகளைக் கழற்றிவிட்டு, வெறும் கேபிளை மட்டுமே மெக்கர் செய்ய வேண்டும்.

கடைசியாக, மாட்டி இயக்கிப் பார்த்தல். பூஜ்யம், நடு, முழு அளவு என்று பல புள்ளிகளில் அளவு சரியா என்று பார்க்க வேண்டும். ஒரே புள்ளியில் சரியாக இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது.

9. காகிதமும் கையெழுத்தும்

விமானத்தில் வேலை முடிந்தது என்றால் காகிதமும் முடிந்தது என்று அர்த்தம். எந்தப் பாகம் எடுத்தோம், எது போட்டோம், எந்த டூல், எந்தக் கையேடு என்று எல்லாம் பதிவாக வேண்டும். நம் நாட்டில் டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி, அதற்குரிய உரிமம் உள்ளவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் பறக்கும். மின்சாரம், எலக்ட்ரானிக் கருவிகளுக்கு பி-2 என்று தனி உரிமமே உண்டு. இந்தப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் வைக்கும் மென்பொருளை உலகின் பல விமான நிறுவனங்களுக்குச் செய்து கொடுப்பது, 1936-இல் ராஜபாளையம் மில்ஸில் தொடங்கிய நம் ஊர்க் குழுமத்தைச் சேர்ந்த சென்னை ராம்கோ சிஸ்டம்ஸ் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

இங்கே மனதில் இருப்பதைச் சொல்ல விரும்புகிறேன். இன்பிளான்ட் டிரெயினிங் போன இடங்களில், செய்யாத டெஸ்டுக்கு 'ஓ.கே.' என்று டிக் அடிக்கச் சொன்ன அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. எந்த இடம், யார் என்பது முக்கியமில்லை. வீட்டிலிருந்து முதல் ஆளாகப் படித்து வேலைக்குப் போகிற நமக்கு, "முடியாது சார்" என்று சொல்ல நாக்கு வராது. வேலை போய்விடுமோ என்ற பயம். வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டின வீட்டை நினைத்தால் அந்தப் பயம் நியாயமும்கூட.

இதை அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் வீரவசனம் பேசவில்லை. "சண்டை போடாத தம்பி. எழுது. செஞ்சதைச் செஞ்சேன்னு எழுது. செய்யாததுக்கு நேரா 'செய்யவில்லை'ன்னு எழுது. காரணமும் எழுது, டூல் இல்லை, நேரம் இல்லைன்னு. அதுக்கு மேல பெரியவங்க முடிவு பண்ணட்டும். உனக்கு அடுத்து வர்றவனுக்கு அந்த ஒரு வரி போதும்" என்றார்.

23 முறை பதிவான அந்தப் பழுதை நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பதிவையும் அடுத்தவர் முந்தைய பதிவோடு சேர்த்துப் படித்திருந்தால், அந்தப் பலகையை யாராவது கழற்றி விரிசலைத் தேடியிருக்கலாம் அல்லவா?

முடிவுரை

நாங்கள் பழுது நீக்கிய அந்த வெப்பமானி இனிப் பறக்காது. அதன்மேல் சிவப்பு அட்டையில் 'பயிற்சிக்கு மட்டும்' என்று எழுதி லேபில் வைத்திருக்கிறோம். பின்னால் போன சாக்கெட்டை மாற்றினோம். வளைந்த பின்னை லென்ஸில் பார்த்தபோது அடியில் முலாம் வெடித்திருந்ததால் நிமிர்த்தாமல், 'மாற்ற வேண்டும்' என்று அட்டையில் குறித்துவிட்டோம். அடுத்த வருட மாணவர்கள் துறைத் தலைவர் சாரிடம் கேட்டு எடுத்துப் பார்க்கலாம். லென்ஸ், கிரிம்ப் டூல், வரைந்த படம் எல்லாம் அதே அலமாரியில் இருக்கின்றன.

நம்மில் எத்தனை பேர் விமானத்தில் வேலை பார்ப்போமோ தெரியாது. மில்லுக்கோ, சிமென்ட் ஆலைக்கோ, காற்றாலைக்கோ போனாலும் அங்கேயும் கனெக்டர் இருக்கும். திறந்ததும் மூடி போடுவது, ஒவ்வொன்றாக எடுப்பது, உப்புத்தாளைத் தொடாமல் இருப்பது, செய்ததை மட்டும் எழுதுவது. இந்த நான்கையும் இங்கிருந்தே பழகிக்கொண்டு போவோம்.